பாயிண்ட் நாட்குறிப்பு: ஒரு நானோ, ஐந்து சர்வோ

ஜூன் 2

மாடல் ரயில், ஹெச்ஓ அளவு, தட அகலம் 16.5 மி.மீ. பாயிண்ட்டுகள் (ரயிலை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் இடங்கள்) ஐந்து. ஒவ்வொன்றுக்கும் பலகைக்கு அடியில் ஒரு எஸ்ஜி90 சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சின்ன மோட்டார்). அதன் கையிலிருந்து, நாக்குகளை (பாயிண்ட்டில் இப்படியும் அப்படியும் நகரும் தண்டவாளத் துண்டுகள்) இணைக்கும் குறுக்குச் சட்டத்துக்கு 0.8 மி.மீ. எஃகுக் கம்பி. இயக்குவது ஆர்டுயினோ நானோ என்ற சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு.

ஏன் ஐந்தோடு நிற்கிறது? ஒரு பாயிண்ட்டுக்கு நானோவில் மூன்று பின் (இணைப்பு முனை) வேண்டும்: சர்வோ, ரிலே (மின்சாரத்தால் மாறும் ஸ்விட்ச்), கையால் தட்டும் ஸ்விட்ச். டி2 முதல் டி12 வரை 11, ஏ0 முதல் ஏ5 வரை 6, ஆக 17. டி13 கணக்கில் வராது. போர்டிலுள்ள எல்இடி அதில் தொங்குகிறது. கரன்ட் கொடுத்ததும் பூட்லோடர் (நானோவில் முதலில் ஓடும் குட்டி நிரல்) அதைச் சிமிட்டும், அங்கே ரிலே இருந்தால் அதுவும் சேர்ந்து டிக் டிக்கென்று தட்டும். ஏ6, ஏ7 அனலாக் உள்ளீட்டுக்கு மட்டும். மிச்சமிருக்கும் இரண்டு பின்னில் ஒன்றுக்குப் பிறகு வேலை இருக்கிறது. பாயிண்ட்டுகள் பெருகினால் பிசிஏ9685 போர்டு: ஏ4, ஏ5 இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு 16 சர்வோவை ஓட்டும்.

ஜூன் 4

சர்வோவுக்கு நானோவின் 5 வோல்ட் பின்னிலிருந்து கரன்ட் எடுக்க வேண்டாம். ஒன்று ஓடும், இரண்டாவது மாட்டினாலும் ஓடுவது போலத் தெரியும். கம்பி எங்காவது இறுகி சர்வோ திணறும்போது அரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வோல்டேஜ் சரியும், நானோ ரீசெட் ஆகும். ஒரு பாயிண்ட்டைத் தட்டினால் எல்லாப் பாயிண்ட்டும் துடிக்கிறதா? இதுதான் நோய். ஆனால் கோடில் (நிரலில்) பிழை தேடித்தான் பலரும் இரவைக் கழிக்கிறார்கள்.

தனியாக 5 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர். அதன் மைனஸும் நானோவின் கிரவுண்டும் கட்டாயம் இணைய வேண்டும். இல்லாவிட்டால் சிக்னலை அளக்கச் சர்வோவுக்குப் பொது அடித்தளமே கிடையாது, தன் போக்கில் ஆடும். சர்வோக்களுக்குப் பக்கத்தில் 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று. ஒரு நேரத்தில் ஒரு சர்வோ மட்டும் நகரும்படி கோடில் வரிசை வைத்தால் இந்த அடாப்டர் தாராளம்.

ஜூன் 7

கையின் எந்த ஓட்டையில் கம்பியைக் கோர்ப்பது என்பது சின்ன விஷயமல்ல. அச்சிலிருந்து 8 மி.மீ. தள்ளியிருக்கும் ஓட்டையில் 5 மி.மீ. நகர்வுக்குச் சுமார் 36 டிகிரி திரும்ப வேண்டும். நாக்குக்குத் தேவை 4 மி.மீ.தான், பக்கத்துக்கு அரை மி.மீ. கூடுதலாகப் போகும்போது கம்பி லேசாக வளைந்து, நாக்கை ஓரத் தண்டவாளத்தோடு அழுத்திப் பிடிக்கும். அச்சிலிருந்து தூரம் கூடினால் கோணம் சுருங்கும், கியரின் ஆட்டமெல்லாம் நாக்கில் தெரியும்.

கோடில் டிகிரியில் எழுதுவதை விட்டு மைக்ரோசெகண்டில் (சிக்னல் துடிப்பின் நீளம், அதுதான் சர்வோவுக்குக் கோணத்தைச் சொல்கிறது) எழுதுவது மேல். ஆர்டுயினோவின் சர்வோ லைப்ரரி 0 முதல் 180 டிகிரியை 544 முதல் 2400 மைக்ரோசெகண்டாக மாற்றுகிறது. ஆகவே 90 என்று எழுதினால் போவது 1472, 1500 அல்ல. 1500 கொடுத்து, கை நடுவில் நிற்கும்போது நாக்குகளையும் நடுவில் வைத்துத் திருகை முடுக்கவும். பிறகு இரு பக்கமும் பத்துப் பத்தாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். இந்த அமைப்பில் 1310, 1690 வாக்கில் வந்து நிற்கும். நாக்கு ஒட்டிய பிறகும் சர்வோ ‘ங்ங்’ என்று முனகினால் 1500 பக்கமாக 10 பின்வாங்கவும்.

சில பாயிண்ட்டுகளில் நாக்கை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளிவிடும் ஸ்பிரிங் இருக்கும். சர்வோ வைத்தால் அதைக் கழற்றிவிடுவது நல்லது. இல்லையேல் மெல்ல நகர்ந்து நடுவுக்கு வந்ததும் படாரென்று அடிக்கும்.

ஜூன் 8

வேகம்: 20 மில்லிசெகண்டுக்கு 2 மைக்ரோசெகண்ட். 380-ஐக் கடக்க 3.8 நொடி. சிக்னலே 20 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதான் போகிறது, அதைவிட அடிக்கடி மாற்றிப் பயனில்லை. கோடில் டிலே (காத்திருக்கும் கட்டளை) வேண்டாம், மில்லிஸ் (ஓடிய மில்லிசெகண்டுகளைச் சொல்லும் கட்டளை) வைத்து எண்ணவும். டிலே ஓடும்போது ஸ்விட்ச்சைத் தட்டினாலும் நானோ கவனிக்காது.

ஜூன் 12

ஃப்ராக்: இரு தடங்களின் உள் தண்டவாளங்கள் குறுக்கிடும் முனை. உலோக ஃப்ராக்கும் நாக்குகளும் ஒன்றாக இணைந்த பாயிண்ட் என்றால், பாயிண்ட் மாறும்போது ஃப்ராக்கின் துருவமும் மாற வேண்டும். ரிலேயின் காமன் முனை ஃப்ராக்குக்கு. என்ஓ (ரிலே சும்மா இருக்கையில் காமனோடு சேராதது), என்சி (சேர்ந்திருப்பது) முனைகள் ஆளுக்கொரு தண்டவாளத்துக்கு.

எப்போது மாற்றுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நாக்குகளின் பயணம் தொடங்கும்போது மாற்றினால் ஒரு நாக்கு இன்னும் பழைய தண்டவாளத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். முடிந்தபின் மாற்றினால் மற்ற நாக்கு ஏற்கெனவே எதிர்த் தண்டவாளத்தில் ஒட்டியிருக்கும். இரண்டுமே ஷார்ட். எந்த நாக்கும் எதையும் தொடாத நடுவில், 1500-ஐக் கடக்கையில் மாற்ற வேண்டும்.

சோதிக்க: தண்டவாளத்துக்குக் கரன்ட் கொண்டுவரும் வயர்களை மட்டும் கழற்றி (ரிலேயின் வயர்கள் இருக்கட்டும்), இன்ஜின்களை எடுத்துவிட்டு, மல்டிமீட்டரை பஸ்ஸரில் வைத்து இரு ஓரத் தண்டவாளங்களிலும் முனைகளைப் பிடித்தபடி பாயிண்ட்டை மாற்றவும். கடைசிவரை சத்தமே வரக்கூடாது. நாக்கு ஒட்டி நிற்கும்போதெல்லாம் கத்தினால் என்ஓவும் என்சியும் இடம் மாறியிருக்கின்றன. வழியில் மட்டும் ஒருமுறை ‘பீ’ என்றால் நடுப்புள்ளி தவறு. 1500-ஐ முன்பின் நகர்த்தவும்.

ஜூன் 13

ஆன் செய்யும்போது துள்ளல். பூட்லோடர் ஓடும்வரை சிக்னல் பின் அந்தரத்தில் இருப்பது ஒரு காரணம்: சிக்னலிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம். கோடில் முதலில் நிலையை எழுதி, பிறகு அட்டாச் (சர்வோவுக்குச் சிக்னலைத் தொடங்கும் கட்டளை) செய்யவும். வரிசை மாறினால் முதலில் நடுவுக்கு ஓடும்.

அதற்கும் அடங்காத சர்வோக்கள் உண்டு. கரன்ட் வந்த உடனே தாமாகவே உதறும். அவற்றுக்குச் சர்வோக்களின் பிளஸ் வயரை ரிலே வழியாகக் கொண்டுபோய், சிக்னல் நிலைத்தபின் இணைக்கலாம். மிச்சமிருந்த பின் இதற்குத்தான். மைனஸ் வயரைத் துண்டிக்கக் கூடாது. கரன்ட் சிக்னல் வயர் வழியே திருட்டுத்தனமாகப் பாயும்.

ரிலே போர்டுகள் பெரும்பாலும் பின்னில் லோ (0 வோல்ட்) கொடுத்தால்தான் இழுக்கும். பின்னை அவுட்புட் ஆக்குவதற்கு முந்தைய வரியில் ஹை எழுதாவிட்டால் ஐந்தும் ஒருசேரத் தட்டும்.

ஜூன் 15

நிலை போய்ச் சேர்ந்து அரை நொடி கழித்து டிட்டாச் (சிக்னலை நிறுத்தும் கட்டளை). முனகல் நிற்கும், கியரின் உராய்வே நாக்கைப் பிடித்துக்கொள்ளும். கை பின்வாங்கினால் கம்பி அதிகமாக வளைந்திருக்கிறது, அந்தப் பக்கத்து எண்ணை 1500 பக்கமாக 20 தள்ளவும்.

நெம்பு ஸ்விட்ச் என்றால் அதுவே நினைவு. தட்டினால் மீளும் பட்டன் என்றால் ஈப்ராம் (கரன்ட் போனாலும் அழியாத நினைவகம்) தேவை. நகரத் தொடங்கும் முன்பே இலக்கை அதில் எழுதிவிடவும், அப்டேட் கட்டளையால்: மதிப்பு மாறினால்தான் எழுதும், ஒரு இடத்துக்கு 1,00,000 முறைதான் ஆயுள். பாதி வழியில் கரன்ட் போனாலும், திரும்ப வந்ததும் சர்வோவும் ரிலேயும் அதே இலக்கைப் படித்து ஒரே பக்கம் நிற்கும்.