சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் சிக்கானோ வரலாறு படித்தேன்

லாஸ் ஏஞ்சலிஸின் வடபகுதியான சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில், ஒரு தொடக்கப் பள்ளியில் வகுப்பறை உதவியாளராக வேலை பார்த்தபோதுதான் மீண்டும் கல்லூரியில் சேர முடிவு செய்தேன். எங்கள் வகுப்புப் பிள்ளைகளில் பெரும்பாலோர் மெக்சிக வம்சாவளியினர். அவர்களில் சிலருடைய குடும்பங்கள் பல தலைமுறைகளாக அதே பகுதியில் வாழ்ந்துவந்தபோதிலும், நேற்று வந்து இறங்கியவர்களைப் பற்றிப் பேசுவதுபோலவே அவர்களைப் பற்றிப் பலரும் பேசினார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு ஆசிரியராக விரும்பும் எவரும் அவர்களுடைய வரலாற்றை முறையாகப் படித்திருக்க வேண்டும் என்று உறுதியாக நினைத்தேன். அமெரிக்காவில் வாழும் மெக்சிக வம்சாவளியினரில் பலர், குறிப்பாக 1960களின் உரிமைப் போராட்டங்களிலிருந்து, தங்களைச் சிக்கானோ என்று அழைத்துக்கொள்கிறார்கள். அவர்களுடைய வரலாறும் இலக்கியமும் கலையும் கலிபோர்னியாவில் பல கல்லூரிகளில் தனித் துறையாகவே கற்பிக்கப்படுகின்றன.

என்னைப் போல வேலையும் குடும்பமும் உள்ளவர்களுக்குக் கம்யூனிட்டி காலேஜ் எனப்படும் ஈராண்டுப் பொதுக் கல்லூரியின் வழிதான் ஏற்றது. மாநிலத்தில் ஓராண்டுக்கு மேல் வசித்ததற்கான சான்றுகளைக் காட்டினால் பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகான யூனிட் ஒன்றுக்கு 46 டாலர்தான் கட்டணம். மூன்று யூனிட் பாடம் ஒன்றுக்கு 138 டாலர். இரண்டாம் கட்டமாக மாநிலப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டுக்கு மாற, மாற்றத்தக்க 60 யூனிட்டுகள் வேண்டும். எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் எதற்கு ஈடாக ஏற்கப்படும் என்பதை ‘அசிஸ்ட்’ என்னும் இணையதளம் காட்டும். கல்லூரியின் ஆலோசகரைச் சந்திப்பதற்கு முன்பே அதைப் பார்த்துவிட்டுப் போனால், அந்தக் குறுகிய நேரத்தில் பயனுள்ள கேள்விகளைக் கேட்க முடியும். சிக்கானோ வரலாறும் அடங்கிய இனக்குழு ஆய்வுகளில் மூன்று யூனிட் பாடம் ஒன்றை மாநிலப் பல்கலைக்கழக மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும் என்று 2020இல் சட்டம் வந்துவிட்டதால், சிக்கானோ வரலாற்றின் அறிமுக வகுப்புகளில் இடம் விரைவில் நிரம்பிவிடுகிறது. பதிவு தொடங்கும் நாளிலேயே பெயர் கொடுத்துவிடுவது நல்லது.

வரலாற்று வகுப்பு 1848 பிப்ரவரி 2ஆம் தேதி கையெழுத்தான குவாடலூப் இடால்கோ உடன்படிக்கையை வரிக்கு வரி படிப்பதில் தொடங்கியது. அமெரிக்காவுடனான போரில் தோற்ற மெக்சிகோ தன் நிலப்பரப்பில் ஏறத்தாழப் பாதியை அதனிடம் இழந்தது. அங்கே வாழ்ந்தவர்கள் ஊரை விட்டு நகராமலேயே இன்னொரு நாட்டுக்குள் வந்துவிட்டார்கள். அவர்களுக்குக் குடியுரிமையும் சொத்துரிமையும் உண்டு என்று உடன்படிக்கை உறுதியளித்தது. ஆனால் மெக்சிக அரசு வழங்கிய நில மானியங்களைக் காக்கும் பத்தாவது பிரிவை அமெரிக்க செனட் நீக்கிவிட்டே ஒப்புதல் தந்தது. 1851ஆம் ஆண்டுச் சட்டம் கலிபோர்னியாவின் மானியதாரர்கள் எல்லோரும் ஓர் ஆணையத்தின் முன் வந்து தங்கள் உரிமையை நிறுவ வேண்டும் என்றது. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீண்டதால், வென்றவர்களிலும் பலர் வழக்குச் செலவுக்கே நிலத்தை விற்க நேர்ந்தது. பள்ளியில் நான் கேட்டுப் பழகிய ‘வந்தேறிகள்’ என்ற பேச்சு எவ்வளவு அநியாயமானது என்பதை அந்த ஆவணங்களே காட்டின.

இந்தத் துறையே போராடிப் பெற்றது என்பதையும் அங்கேதான் அறிந்தேன். 1968 மார்ச்சில் கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸின் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஆயிரக்கணக்கில் வகுப்புகளை விட்டு வெளியேறினார்கள். தங்கள் வரலாற்றைக் கற்பிக்க வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று. அடுத்த ஆண்டு சாண்டா பார்பராவில் மாணவர்களும் ஆசிரியர்களும் கூடி, பல்கலைக்கழகங்களில் இத்துறை எப்படி அமைய வேண்டும் என்று திட்டம் வகுத்தார்கள். நான் பின்னர் சேர்ந்த நார்த்ரிட்ஜ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் துறையும் 1969இல் பிறந்ததுதான்; அதை நிறுவியவர் வரலாற்றாசிரியர் ரோடோல்ஃபோ அக்குன்யா.

இலக்கிய வகுப்புகளுக்கு ஸ்பானிய மொழி உயிர்நாடி. முதல் செமஸ்டரிலேயே அதைத் தொடங்கியது நான் எடுத்த மிக நல்ல முடிவு என்பேன். டெக்சஸில் ஊர் ஊராகச் சென்று அறுவடை செய்த கூலிக் குடும்பத்தில் பிறந்து, பின்னாளில் ரிவர்சைட் பல்கலைக்கழகத்தின் வேந்தராக உயர்ந்த தோமாஸ் ரிவேரா தம் நாவலை ஸ்பானிய மொழியில்தான் எழுதினார். எழுத்தாளர் குளோரியா அன்சால்துவாவோ ஒரே பத்தியில் ஆங்கிலத்தையும் ஸ்பானியத்தையும் மாறி மாறி எழுதிச் செல்கிறார். மொழிபெயர்ப்பை மட்டும் நம்பிப் படிப்பவருக்கு அந்த நடையின் வேகமும் கோபமும் பாதிதான் கிடைக்கும்.

ஆனால் என்னை முழுவதுமாக ஆட்கொண்டது கலை வகுப்புதான். எங்கள் பள்ளத்தாக்கின் துஹுங்கா வெள்ள வடிகாலின் கான்கிரீட் சுவரில், அரை மைல் நீளத்துக்குக் கலிபோர்னியாவின் வரலாறு வரையப்பட்டிருக்கிறது. ஓவியர் ஜூடி பாக்காவின் தலைமையில், 1976இல் தொடங்கிப் பல கோடைக்காலங்களில், நானூறுக்கும் மேற்பட்ட இளைஞர்கள் வரைந்தது அது. அவர்களில் பலர் சிறார் நீதித்துறை வழியாக அனுப்பப்பட்டவர்கள். சுவரின் ஒரு காட்சியைத் தேர்ந்தெடுத்து, அது சொல்லும் நிகழ்வை மூல ஆவணங்களிலிருந்து எழுத வேண்டும் என்பது எங்களுக்குத் தரப்பட்ட ஆய்வுப் பணி. லாஸ் ஏஞ்சலிஸின் சாவேஸ் ரவீன் என்ற பகுதியைப் பற்றிய காட்சியை நான் எடுத்துக்கொண்டேன். அதில் நெடுஞ்சாலைகள் பாம்புகளாக வளைந்து குடும்பங்களைப் பிரிக்க, விளையாட்டரங்கம் ஒன்று விண்கலம்போல வானிலிருந்து இறங்குகிறது.

நூலகத்தில் பழைய செய்தித்தாள்களையும் புகைப்படங்களையும் பார்க்கப் பார்க்க, அந்தச் சித்திரத்தில் மிகை எதுவும் இல்லை என்று தெரிந்தது. அங்கிருந்த பாலோ வெர்தே, லா லோமா, பிஷப் என்னும் மூன்று மெக்சிக அமெரிக்கக் குடியிருப்புகளுக்கு 1950இல் நகர வீட்டுவசதி ஆணையத்தின் கடிதம் வந்தது: அங்கே பொதுக் குடியிருப்பு எழப்போகிறது, எல்லோரும் காலி செய்ய வேண்டும். பெரும்பாலோர் போய்விட்டார்கள். பிறகு அந்தத் திட்டமே கைவிடப்பட்டது. நிலம் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணிக்குச் சென்றது. எஞ்சியிருந்தவர்களை 1959 மே மாதம் காவலர்கள் தூக்கி வெளியேற்றிய புகைப்படங்கள் இன்றும் இருக்கின்றன. 1962இல் அரங்கம் திறக்கப்பட்டது. மீண்டும் சுவரின் முன் நின்றபோது, ஒவ்வொரு வளைவும் எந்த ஆண்டை, எந்தத் தெருவைக் குறிக்கிறது என்று படிக்க முடிந்தது. வரலாற்றையும் இலக்கியத்தையும் கலையையும் இத்துறை ஏன் ஒருசேரக் கற்பிக்கிறது என்பது எனக்கு அங்கேதான் முழுமையாக விளங்கியது. ஆவணங்கள் நிலம் கைமாறியதைப் பதிவு செய்தன, இழந்தவர்களுக்கு அது என்னவாக இருந்தது என்பதைச் சுவர் பதிவு செய்திருந்தது.

பல்கலைக்கழகத்துக்கு மாறியபின் வந்த இரண்டு ஆண்டுகள் பெரும்பாலும் கட்டுரை எழுதுவதிலேயே கழிந்தன. வாய்மொழி வரலாற்றுப் பாடத்துக்காக முதியவர்களைப் பேட்டி கண்டபோது, பிராசெரோ என்ற ஒப்பந்தத் தொழிலாளர் திட்டத்தில் மெக்சிகோவிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளிடம் ஸ்பானிய மொழியிலேயே பேச முடிந்தது. அதற்காகவே அந்த மொழியைப் படித்ததுபோல மகிழ்ந்தேன்.

இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று வீட்டிலும் நண்பர்களும் கேட்டார்கள். சமூகப் பணி, சட்டம், நூலகம், அருங்காட்சியகம் எனப் பல துறைகளுக்கு என்னுடன் படித்தவர்கள் சென்றிருக்கிறார்கள். நிதி ஒதுக்கீட்டுக்கு உட்பட்டு, உயர்நிலைப் பள்ளிகளிலும் இனக்குழு ஆய்வுகளைக் கட்டாயமாக்கும் சட்டத்தைக் கலிபோர்னியா 2021இல் இயற்றியது. நான் தொடக்கப் பள்ளியையே தேர்ந்தெடுத்தேன். இப்போது ஆசிரியர் தகுதிச் சான்றுக்குப் படித்துவருகிறேன். பயிற்சி வகுப்பில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கலிபோர்னிய வரலாறு நடத்தும்போது, பாடநூலுடன் துஹுங்கா சுவரின் படங்களையும் எடுத்துச் செல்கிறேன்.