கணவனும் மனைவியும் சேர்ந்து செய்யும் ஒயின்கள்

கணவனும் மனைவியுமாகத் தயாரிக்கிற ஒயின்களை வரிசையாகச் சுவைத்துப் பார்த்தோம். திராட்சைத் தோட்டம் கணவர் பொறுப்பு, பீப்பாய் அறை அந்த அம்மாவுடையது.

முதலில் ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சை ஒயின்: எலுமிச்சைத் தோல் வாசனை, நாக்கின் ஓரத்தில் சுரீரென்ற புளிப்பு. அப்புறம் ஷார்டனே என்ற இன்னொரு வெள்ளைத் திராட்சையில் செய்த இரண்டு ஒயின்கள். ஒரே தோட்டம், ஒரே அறுவடை. ஆனால் ஒன்று எஃகுத் தொட்டியில் புளித்தது, இன்னொன்று ஓக் மரப் பீப்பாயில் அடியில் படிந்த ஈஸ்ட்டோடு பல மாதம் கிடந்தது. அதில் கூர்மையான மாலிக் அமிலம் மென்மையான லாக்டிக் அமிலமாக மாறிவிட்டதால் புளிப்பு தணிந்து வெண்ணெய் வாசனையும் வழவழப்பும் வந்திருக்கின்றன. இரண்டையும் அடுத்தடுத்துக் குடித்தால்தான் தயாரிப்பவர் கையின் வேலை புரிகிறது.

சிவப்பு ஒயினான பினோ நுவார்தான் மனதைப் பறித்தது. தோல் மெல்லிய திராட்சை என்பதால் நிறம் வெளிறியே இருக்கும், அதை வைத்து எடைபோட வேண்டாம்! 14 டிகிரியில் ஊற்றினார்கள், கிளாசில் கொஞ்சம் சூடேறியதும் செர்ரிக்குப் பின்னாலிருந்து ஈர மண்ணும் காளானும் மெல்ல எட்டிப் பார்த்தன.

சிரா என்ற இன்னொரு சிவப்பு ஒயினில் மிளகு வாசனை அருமை (மிளகில் இருக்கும் அதே ரோட்டண்டோன் என்ற வாசனைப் பொருள்தான் காரணம்), ஆனால் ஓக் மர வாசனை தூக்கல், எனக்கு ஒட்டவில்லை.

அறுவடை நாளை யார் முடிவு செய்வது என்று கேட்டேன். இருவரும் தனித்தனியாகப் பழத்தை மென்று, விதை பழுப்பேறியிருக்கிறதா என்று பார்த்து, இருவருக்கும் சரி என்று பட்டால்தான் பறிப்பார்களாம்.