இரவுக் கடமையும் பிரித் நூலும்

தென்னிலங்கை ஆஸ்பத்திரி ஒன்றின் ஆய்வுகூடத்தில் நான் வேலை பார்த்தபோது, ரத்த வங்கிக்குப் போக வேண்டுமானால் பிணவறையைத் தாண்டித்தான் போக வேண்டும். பகலில் ஆட்கள் வெற்றிலை போட்டபடி ஊர்க்கதை பேசும் நடைபாதை அது. நடுச்சாமத்துக்கு மேல் ஒருவரும் தனியே போகமாட்டார்கள். மகசோனா என்ற சுடுகாட்டு யக்கா, அதாவது பேய், பின்னால் வந்து முதுகில் அறைவான், விடிந்து பார்த்தால் கைத்தடம் இருக்கும் என்பார்கள். முனி, கொத்தி கதைகள் கேட்டு வளர்ந்த எனக்கு மகசோனா அப்படியொன்றும் அந்நியனில்லை.

அந்த நம்பிக்கையில் ஒரு நுட்பம் உண்டு. யக்கா கண்டவரையெல்லாம் பிடிப்பதில்லை. தனியே இருப்பவர், அதிலும் பயந்து போனவர் மேல்தான் அதன் பார்வை விழும். பிரித் என்ற பௌத்தக் காப்புச் சூத்திரங்களை ஓதும் இரவில் கடைசிவரை இருந்து பார்த்தபோதுதான் இதன் அர்த்தம் எனக்குப் பிடிபட்டது.

ஊழியர்கள் காசு சேர்த்து வருஷம் ஒரு தடவை விடிய விடியப் பிரித் ஓதுவிப்பார்கள். கடதாசி வெட்டி அலங்கரித்த மண்டபத்துக்குள் பிக்குமார். நடுவே தண்ணீர்க் குடம். அதிலிருந்து புறப்படும் வெள்ளை நூல் பிக்குமாரின் கைகளைக் கடந்து, கூடத்தில் இருந்த எல்லோர் கையிலும் ஏறி, கடைசியில் பிணவறைக் காவலாளி வரை போனது. டாக்டருக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கும் ஒரே நூல்தான். என் பக்கத்துச் சிற்றூழியர் தூங்கி விழ, நூல் இழுபட்டு, எனக்கு அப்பால் இருந்த தாதி திடுக்கிட்டு விழித்தார். அங்கே யாரும் தனியாக இருக்க வழியே இல்லை.

ஓதப்படுவதும் பேயை அதட்டி விரட்டும் மந்திரமல்ல. பஞ்சமும் கொள்ளைநோயும் அமானுடரும் வாட்டிய வைசாலியில் ஓதப்பட்டதாகச் சொல்லப்படும் ரதன சூத்திரம், கூடியிருக்கும் பூதங்களைக் கூப்பிட்டு, ‘கேளுங்கள், மனிதர்மேல் அன்பு வையுங்கள்’ என்கிறது. விடியலை நெருங்கும்போது ஓதும் ஆடானாடிய சூத்திரம் இன்னும் சுவாரசியம். யட்சர்களின், அதாவது யக்காக்களின், அரசனான குபேரனே புத்தரிடம் வந்து, ‘என் ஆட்களில் பலர் கொலை, களவு, கள்ளை விடாதவர்கள், உங்கள் போதனை அவர்களுக்குப் பிடிக்காது’ என்று ஒப்புக்கொண்டு இந்தக் காப்பைக் கொடுக்கிறான். யட்சன் தொல்லை கொடுத்தால் எந்தெந்த யட்ச சேனாபதியிடம் முறையிடுவது என்று பட்டியலும் உண்டு. இந்திரன், சோமன், வருணன், பிரஜாபதி எல்லாரும் அதில் இருக்கிறார்கள். கந்தோரில் மேலதிகாரிக்கு முறைப்பாடு எழுதுகிற மாதிரித்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது பயபேரவ சூத்திரம். ஞானம் பெறுமுன் பயங்கரமான வனக் கோயில்களில் இரவு தங்கியதைப் புத்தரே சொல்கிறார். மிருகம் வரும், மயில் சுள்ளியை முறிக்கும், காற்றில் சருகு சலசலக்கும், பயம் வந்துவிடும். நடக்கும்போது வந்தால் நடந்தே அதை அடக்கினார், நிற்கவுமில்லை, உட்காரவுமில்லை. தூங்கி விழுந்த அந்தச் சிற்றூழியருக்கு இந்தச் சூத்திரம் தெரியுமோ என்னவோ. ரத்தப் பெட்டியோடு போகும்போது எல்லா உயிர்மேலும் அன்பு வைக்கச் சொல்லும் கரணீய மெத்த சூத்திரத்தை முணுமுணுத்துக்கொண்டு, அடி அளந்து வைப்பார்.

“ஓடிப் போகலாமே ஐயே?” என்றேன்.

“ஓடினா ரத்தம் குலுங்கும் சேர். பயமும் கூடும்.”

‘மிலிந்தனின் கேள்விகள்’ என்ற பழைய பௌத்த நூலில், பிரித் எல்லோரையும் காப்பாற்றாதது ஏன் என்று மிலிந்தன் என்ற அரசன் கேட்டதற்கு நாகசேனர் என்ற பிக்கு மூன்று தடைகளைச் சொன்னார்: கர்மம், மன அழுக்கு, நம்பிக்கையின்மை. மூன்றாவதில் நான் அகப்படுவேன். ஆனாலும் காலையில் கட்டிய நூலை நான் கழற்றவில்லை. அது தானாக இற்று அறும்வரை கையில் கிடந்தது. பிரித் முடிந்த சில வாரங்களுக்கு அந்த நடைபாதையில் ஆட்கள் தனியே போனார்கள். பிறகு பழையபடி துணை தேட ஆரம்பித்தார்கள். அங்கே இரண்டு விளக்குப் போட்டுத் தரும்படி நாங்கள் எல்லோரும் கையெழுத்திட்டுக் கொடுத்த கடிதத்துக்கு, நான் இடமாற்றம் பெற்று வரும்வரை பதில் வரவில்லை.