திங்கட்கிழமைகள் காணாமல் போன வாரம்

அக்டோபர் 14, 2025, செவ்வாய்

நாள்காட்டி மென்பொருளில் ஏஐ முகவர் (நாம் சொல்வதைக் கேட்டு வேலை செய்யும் செயற்கை நுண்ணறிவு உதவியாளர்) எடுத்துப் பயன்படுத்தும் 11 கருவிகளுக்கும் விளக்கம் எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. ஏற்கெனவே இருப்பவற்றைப் படித்துப் பார்த்தேன். "நிகழ்வைத் திருத்தும்." "நிகழ்வை நீக்கும்." கருவியின் பெயரையே திருப்பிச் சொல்லிவிட்டு முற்றுப்புள்ளி. "நிரலைப் பார்த்தாலே புரியுமே, அக்கா" என்கிறான் எழுதிய தம்பி. முகவர் நிரலை எங்கே பார்க்கிறது? பெயர், விளக்கம், என்னென்ன உள்ளீடு கொடுக்கவேண்டும் என்ற பட்டியல், அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

'பட்டியலிடு' என்று ஒன்று, 'தேடு' என்று ஒன்று. எதை எப்போது எடுப்பது என்று எனக்கே விளங்கவில்லை. விசாரித்தால், முதலாவது இரண்டு தேதிகளுக்கு இடையில் உள்ள எல்லாவற்றையும் தருமாம். இரண்டாவது தலைப்பில் உள்ள சொல்லை மட்டும் தேடுமாம். எழுதிவைக்க இரண்டு வரி போதும். ஒருவரும் எழுதவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

"மதியம் 3 மணிக்குப் பல் மருத்துவர்" என்று சோதனைக்குப் போடச் சொன்னேன். இரவு 11 மணிக்குப் போட்டிருக்கிறது. முகவர் 15:00 என்றுதான் அனுப்பியது. எந்த ஊர் 15:00 என்று சொல்லவில்லை. கருவி அதை உலகப் பொது நேரம் (UTC) என்று எடுத்துக்கொள்ள, கோலாலம்பூருக்கு எட்டு மணி நேரம் கூடிவிட்டது. விளக்கத்தில் 'தொடக்க நேரம்' என்பதற்கு எதிரே "நேரம்" என்று மட்டும் இருந்தது! இப்போது "கடைசியில் +08:00 போன்ற நேர வேறுபாடு கட்டாயம், இல்லாவிட்டால் உலகப் பொது நேரமாகக் கொள்ளப்படும்" என்று சேர்த்தாயிற்று.

தீபகற்ப மலேசியாவில் 1982 ஜனவரி 1 அன்றுதான் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி எட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் நமக்கு ஏழரை. (சனியைச் சொல்லவில்லை.) ஜாதகம் கணிப்பவர்களுக்கு இது தெரியும். எங்கள் குழுவில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் கால் வைக்க இடமில்லை. முறுக்கு வாங்கினேன். வேலையைப் பற்றி நினைக்கவில்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

நேற்று தீபாவளி விடுமுறை. அதனால் வெள்ளியன்றே யாரோ முகவரிடம் "திங்கள் கூட்டத்தை ரத்து செய்" என்று சொல்லியிருக்கிறார்கள். இன்று காலை பார்த்தால் அடுத்த திங்களும் இல்லை, டிசம்பர் திங்களும் இல்லை. நடந்து முடிந்த கூட்டங்களும் அவற்றோடு சேர்த்து எழுதிவைத்த குறிப்புகளும்கூடப் போய்விட்டன.

வாராவாரம் வரும் கூட்டத்தில் தொடருக்கு ஓர் அடையாள எண், ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனி எண். முகவர் தொடரின் எண்ணைக் கொடுத்தது. கருவியும் மறுபேச்சில்லாமல் வேரோடு பிடுங்கிவிட்டது. "முட்டாள் முகவர்" என்றான் தம்பி. எனக்குக் கோபம் வந்தது. "நிகழ்வை நீக்கும்" என்ற ஒரே வரியை வைத்துக்கொண்டு நீயானால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டேன். புதிதாக வேலைக்கு வந்தவராவது தயங்கி நின்று பக்கத்து மேசையில் கேட்பார்.

மாலை வரை உட்கார்ந்து எழுதியது இது: "ஒரு நிகழ்வை நிரந்தரமாக நீக்கும்; மீட்க முடியாது. தொடர் கூட்டத்தில் ஒரு நாளை மட்டும் நீக்க, முதலில் 'பட்டியலிடு' மூலம் அந்த நாளின் எண்ணைப் பெறு. தொடரின் எண்ணைக் கொடுத்தால் நடந்தவை உட்பட எல்லா நாள்களும் போய்விடும். அதற்குமுன் பயனரிடம் கேள். நேரத்தை மாற்ற மட்டும் என்றால் இது வேண்டாம், 'திருத்து' போதும்."

அக்டோபர் 23, வியாழன்

சூடு கண்ட பூனையாகிவிட்டேன். நேற்று ஒரே கருவிக்கு 40 வரி. "மிக மிக முக்கியம்" என்று நான்கு இடத்தில். விளைவு, புதிதாக ஒரு சந்திப்பைப் போடுவதற்கும் "உறுதியாகவா?" என்று கேட்கிறது முகவர். பதினொரு விளக்கங்களும் ஒவ்வொரு முறையும் முகவரை இயக்கும் மொழி மாதிரிக்குப் போய்ச் சேருகின்றன; வரி கூடக்கூடச் செலவு, கவனச் சிதறல். ஆறு வரியாகக் குறைத்தேன். மனமில்லாமல்தான்.

அக்டோபர் 27, திங்கள்

காலையில் அம்மா: "இன்றைக்குத்தானே சூரசம்ஹாரம்? உன் நாள்காட்டியில் விரதம் நேற்றே முடிந்துவிட்டதேம்மா!"

22 முதல் 27 வரை என்று முகவரிடம் நான்தான் போடச் சொன்னேன். முழுநாள் நிகழ்வில் முடிவுத் தேதி கணக்கில் சேராது. நாள்காட்டி மென்பொருள்கள் தகவல் பரிமாறிக்கொள்ளும் பொது வடிவமான ஐகேலண்டரின் வரையறையே அப்படி. 27 என்று கொடுத்தால் 26 இரவோடு சரி. நாமோ இறந்த நாளையும் சேர்த்து எண்ணிப் பதினாறாம் நாள் காரியம் செய்கிறவர்கள். "22 முதல் 27 வரை என்றால் முடிவு 28 என்று கொடு" என்று உதாரணத்தோடு எழுதினேன். திரும்பச் செய்து பார்த்ததில் ஆறு நாளும் வந்தது. அம்மா சுவர்க் காலண்டரைப் பார்த்துவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பிவிட்டார்.

அழைப்பாளர்களைத் திருத்தும் கருவி பாக்கி. புதுப் பட்டியல் கொடுத்தால் பழையதோடு சேருமா, பழையதை அழித்துவிடுமா? தம்பிக்கே தெரியவில்லை. நாளை இருவரும் உட்கார்ந்து சோதித்துப் பார்க்கவேண்டும்.