டாரன்ஸில் சுஷி தேடிய பத்து நாள்

எங்கள் ஊர் தூத்துக்குடி. எங்களிடம் பச்சை மீனைக் கொண்டுவந்து வைத்தால் மஞ்சள் எங்கே, மிளகாய்த்தூள் எங்கே என்றுதான் கேட்போம். சாப்பிடச் சொன்னால் வைத்தவனை ஒரு மாதிரி பார்ப்போம். நானும் நாற்பது வயது வரை அப்படித்தான் இருந்தேன்.

போன அக்டோபர் முதல் வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வீடு இருப்பது டாரன்ஸ், லாஸ் ஏஞ்சலஸின் தெற்குப் புறநகர். விமான நிலையத்திலிருந்து 405 நெடுஞ்சாலையைப் பிடித்தால் இருபது நிமிடம், சாலை மனது வைத்தால். அத்தான் அங்கே ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்க்கிறார். மேலதிகாரிகள் பாதிப்பேர் ஜப்பான்காரர்கள். பதினைந்து வருடம் அவர்களோடு மதியச் சாப்பாட்டுக்குப் போய்ப் போய், மனிதர் சுஷி விஷயத்தில் ஒரு தனி ரகமாகிவிட்டார்.

முதல் நாள் இரவு கடையைத் தேர்ந்தெடுத்தது நான்தான். போனில் தேடி, ‘எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம், ஒரே விலை’ என்று போட்டிருந்த ஓர் இடத்தைக் காட்டினேன். அத்தான் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. “சரி, போவோம்” என்றார். அந்தச் ‘சரி’யிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த மாதிரி சில்லென்று இறுகிப்போன சோறு. மேலே காகிதம் போல ஒரு மீன் துண்டு. அதற்கும் மேலே இனிப்புச் சாஸ், மயோனைஸ், பொரித்த வெங்காயத்தூள். உள்ளே க்ரீம் சீஸ் வேறு. நாலு தட்டு ஆர்டர் பண்ணிவிட்டேன். இரண்டாவது தட்டிலேயே வயிறு கல்லாகிவிட்டது. மீதம் வைத்தால் துண்டுக்கு இவ்வளவு என்று தனிக்காசு உண்டாம், மெனுவின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. மீனை மட்டும் தின்றுவிட்டுச் சோற்று உருண்டைகளைக் காகிதத் துடைப்பானுக்குள் ஒளித்து வைத்தேன். தட்டை எடுக்க வந்த பெண் துடைப்பானைத் தூக்கிப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். பில்லில் ஒன்பது டாலர் கூடுதலாக ஏறியது.

காரில் ஏறியதும் அத்தான் சொன்னார்: “மாப்ள, மீன் எல்லாக் கடைக்கும் ஏறக்குறைய ஒரே லாரிலதான் வருது. சோறு யாரு ஆக்குறாங்கன்னு பாரு.”

அடுத்த ஒன்பது நாளும் அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் சுற்றினோம்.

சுஷி என்றால் பச்சை மீன் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. சுஷி என்பது காடியும் (வினிகர்) சர்க்கரையும் உப்பும் கலந்த சோற்றுப் பதார்த்தம். மீனை மட்டும் தனியாக வைத்தால் அதற்குப் பெயர் சஷிமி. ஆதியில் இந்தச் சோறே மீனைக் கெடாமல் வைக்கத்தான். உப்பு போட்ட மீனைச் சோற்றுக்குள் புதைத்து மாதக்கணக்கில் புளிக்க விடுவார்கள். சோறு புளித்துக் குழைந்துபோக, மீனை எடுத்துச் சாப்பிட்டுவிட்டுச் சோற்றைக் கழித்துவிடுவார்கள். ஜப்பானில் பிவா ஏரிக்கரையில் இன்னமும் அப்படிச் செய்கிறார்கள், ஃபுனாசுஷி என்று பெயர். பழைய சோற்றுப் பானையை மோந்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது ஒன்றும் வேற்றுக்கிரக சமாச்சாரம் இல்லை. பிற்பாடு புளிப்புக்குக் காடியை ஊற்றிக் காரியத்தைச் சுருக்கினார்கள். சோற்று உருண்டைமேல் மீன் வைத்து, பிடித்த கையோடு வாயில் போடுகிற நிகிரி வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய டோக்கியோவான எடோ நகரத்தில். அதுவும் தள்ளுவண்டித் தீனியாக. நம் பஜ்ஜிக் கடை மாதிரி.

இரண்டாவது நாள் அத்தான் ஊரைச் சுற்றிக் காட்டினார். ‘ஊர்’ என்றால் கோபுரமோ கடைத்தெருவோ கிடையாது. அகலமான சாலை, அதன் ஓரத்தில் ஒற்றை மாடிக் கடை வரிசை, முன்னால் கார் நிறுத்துமிடம், அப்புறம் இன்னொரு கடை வரிசை. ஹாத்தோர்ன் பூல்வார்டும் வெஸ்டர்ன் அவென்யூவும் மைல் கணக்கில் இப்படியேதான் போகின்றன. துணி வெளுக்கும் கடை, பல் டாக்டர், டோனட் கடை, நடுவில் ஒரு சின்னத் துணித்திரை தொங்கும் கதவு. அந்தத் திரைக்குப் பின்னால்தான் நாம் தேடுவது இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே ஆள் இருப்பதே தெரியாது.

இங்கே ஏன் இத்தனை ஜப்பான்காரர்கள்? பக்கத்து ஊர் கார்டினாவில் ஒரு காலத்தில் ஸ்ட்ராபெரி வயல்கள் இருந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதில் பாடுபட்டவர்களில் நிறையப் பேர் ஜப்பானியக் குடியேறிகள். 1942 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் ஒரு கையெழுத்துப் போட்டார். மேற்குக் கரையிலிருந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை, பெரும்பாலும் அமெரிக்கக் குடிமக்களையே, வீடு வாசலை விட்டுக் கிளப்பி முகாம்களில் அடைத்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பி வந்தவர்களில் பலர் அடுத்தவர் வீட்டுத் தோட்டத்தில் புல் வெட்டிப் பிழைத்திருக்கிறார்கள். அப்புறம் கார் கம்பெனிகள் வந்தன. டொயோட்டாவின் அமெரிக்க விற்பனைத் தலைமையகம் டாரன்ஸுக்கு வந்தது. ஹோண்டா 1990-இல். ஜப்பானிலிருந்து மாற்றலாகி வந்த குடும்பங்களுக்குத் தங்கள் ஊர்ச் சாப்பாடு வேண்டுமே, கடைகளும் வந்தன. 2017-இல் டொயோட்டா டெக்சஸின் ப்ளேனோவுக்கு மூட்டை கட்டியபோது ஓட்டல்காரர்கள் எல்லாம் கலங்கிப்போனார்களாம். “நானும் கலங்கிட்டேன்” என்றார் அத்தான். ஹோண்டா இன்னும் டாரன்ஸில்தான் இருக்கிறது.

புதிதாகப் போகிறவர் முதலில் போக வேண்டிய இடம் ஓட்டல் அல்ல, மளிகைக்கடை. டெல் அமோ மாலில் இருக்கும் மிட்சுவாவுக்குப் போனோம். ஜப்பானிய சூப்பர்மார்க்கெட், அதற்குள்ளேயே சாப்பாட்டுக் கூடம். அங்கே சான்டோக்கா என்ற கடையில் ராமென் நூடுல்ஸ் சாப்பிட்டேன். சின்னக் கிண்ணம், பால் நிறத்தில் பன்றி எலும்புக் குழம்பு, நடுவில் ஒற்றை ஊறுகாய் ப்ளம். அந்தப் ப்ளம்மை மட்டும் கடைசி வரை பத்திரப்படுத்தித் தின்றேன், நம் மோர்மிளகாயைப் பத்திரப்படுத்துவது போல. வாசலில் இலவச ஜப்பானியப் பத்திரிகைகள் அடுக்கியிருந்தன. படிக்கத் தெரியாவிட்டாலும் அதிலுள்ள விளம்பரப் படங்களைப் பார்த்தாலே எந்த ஓட்டல்கள் ஜப்பான்காரர்களை நம்பிக் கடை நடத்துகின்றன என்று தெரிந்துவிடும். இது அத்தானின் உத்தி.

மிட்சுவாவின் பெட்டி சுஷி வரிசையில் அக்காவுக்காக இனாரி வாங்கினோம். பொரித்த டோஃபு (சோயாக் கட்டி) பைக்குள் காடிச்சோறு. மீன் கிடையாது. புரட்டாசி அல்லவா, அக்கா கவிச்சியைத் தொடுவதில்லை. வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்ததும் அவள் மூக்கைச் சுளித்தாள்.

“இதுல மாசி வாடை வருதே.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த டோஃபு வேகும் சாறு சாதாரணமாக தாஷி. தாஷிக்கு ஆதாரம் கட்சுவோபுஷி. கட்சுவோபுஷி என்றால் சூரை மீனை அவித்து, புகை போட்டு, கட்டையாகக் காயவைத்தது. நம் மாசிக்கருவாட்டுக்கு அண்ணன் தம்பி. அத்தான் பதினைந்து வருடத்தில் கண்டுபிடிக்காததைத் தூத்துக்குடி மூக்கு ஒரு நொடியில் கண்டுபிடித்துவிட்டது. சைவக்காரர்கள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ‘மீன் இல்லை’ என்பார்கள், அது பொய்யும் இல்லை. தாஷி இருக்கிறதா என்று தனியாகக் கேட்க வேண்டும். வெள்ளரிக்காய் வைத்துச் சுருட்டிய கப்பா மாக்கியில் பெரும்பாலும் சிக்கல் இராது. அக்கா அதில்தான் ஒதுங்கினாள். இனாரி எனக்கு வந்தது. தேன் மாதிரி இருந்தது.

நாலாவது நாள்தான் நான் சொல்ல வந்த கடை. பெயரை எழுதக்கூடாது என்று அத்தானின் கட்டளை. மேடையை ஒட்டி எட்டு நாற்காலி, பின்னால் மூன்று மேசை, அவ்வளவுதான். மதியம் 11:45-க்குக் கதவைத் திறக்கிறார்கள், இரண்டு மணிக்கு அடைத்துவிடுகிறார்கள். நாங்கள் போனபோது மேடை முழுக்கக் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் ஆபீஸ்காரர்கள். ஒருவரும் பேசவில்லை. சுவரில் அன்றைய மீன்களின் பெயர் கையெழுத்தில், ஜப்பானிய மொழியில் மட்டும். எனக்கு அது சிவகாசி காலண்டர் மாதிரி அழகாக இருந்தது, அதற்கு மேல் ஒன்றும் விளங்கவில்லை. அத்தான் மதிய செட்டே போதும் என்றார். 28 டாலர். இதே கடையில் இரவு ‘ஒமகாசே’, அதாவது ‘உங்கள் இஷ்டப்படி போடுங்கள்’ என்று உட்கார்ந்தால் அதைப்போல ஐந்தாறு மடங்கு ஆகும்.

சமையல்காரருக்கு அறுபது வயது இருக்கும். இடக்கையில் மீன் துண்டு, வலக்கை மரத்தொட்டிக்குள் போய்ச் சோற்றை எடுக்கிறது. எடுத்ததில் நாலைந்து பருக்கையைத் திரும்பத் தொட்டியிலேயே உதிர்க்கிறது. இரண்டு விரலால் ஓர் அழுத்து, திருப்பி இன்னோர் அழுத்து. கட்டையில் வைத்ததும் அந்தச் சோறு அரை நூல் கீழே தாழ்ந்தது. நிஜமாகவே தாழ்ந்தது, பார்த்தேன். அத்தனை இளக்கமாகப் பிடித்திருக்கிறார். வாயில் வைத்தால் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பு. பருக்கை பருக்கையாகப் பிரிகிறது, ஆனால் உதிரி இல்லை. காடியின் புளிப்பு பின்னால் மெதுவாக வந்து போகிறது. அப்போதுதான் மீன் ஞாபகமே வந்தது.

மூன்றாவதாக வந்தது கொஹாதா. மத்தி இனத்து வெள்ளி மீன், முதலில் உப்பு, அப்புறம் காடி போட்டு எடுத்தது. கடையின் கைப்பக்குவத்தை இதை வைத்துத்தான் எடைபோடுவார்களாம். அடுத்தது ஹமாச்சி. கொழுப்பேறிய பாறை மீன் வகையறா. நான் வழக்கம்போலச் சோற்றுப் பக்கத்தைச் சோயா சாஸில் முக்கப் போனேன். சமையல்காரர் ஒன்றும் சொல்லாமல் தன் கையைக் கவிழ்த்துக் காட்டினார். துண்டைக் கவிழ்த்து மீன் பக்கம் தொட வேண்டும், கையாலேயே சாப்பிடலாம். கையால் சாப்பிடச் சொல்லி என்னையே ஒருவர் திருத்தியதை ஊரில் சொன்னால் நம்பமாட்டார்கள்.

பயப்படுகிறவர்களுக்கு ஒரு விஷயம். பச்சையாகப் பரிமாறும் மீனில் புழு இருந்தால் சாகட்டும் என்று மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் ஏழு நாளோ, அதைவிடக் கடுங்குளிரில் குறைந்த நேரமோ உறையவைக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. பெரிய சூரை வகைகளுக்கும் சில பண்ணை மீன்களுக்கும் விலக்கு உண்டு. ஆகவே அங்கே ‘ஃப்ரெஷ்’ என்ற சொல்லுக்குத் திரேஸ்புரம் கடற்கரையில் நாம் கொடுக்கும் அர்த்தம் இல்லை. தொட்டுக்கொள்ளப் பச்சை நிறத்தில் வைக்கும் காரப் பசை, வசாபி? பெரும்பாலான கடைகளில் அது குதிரைமுள்ளங்கிக்குச் சாயம் போட்டது. நிஜ வசாபி தண்ணீரோடும் இடத்தில் வளரும் கிழங்கு, விலை கட்டாது.

மற்ற நாட்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கார்டினாவில் சகாயே என்று ஒரு கடை, 1962-லிருந்து இருக்கிறது. உட்கார இடமே கிடையாது, போனில் சொல்லிவைத்து வாங்கிப் போக வேண்டும். மொத்தமே விரல் விட்டு எண்ணக்கூடிய ரகங்கள்தான். காடியில் ஊறிய சாபா, நம் அயிலையின் உறவு, சோற்றின் மேல் வைத்து அழுத்தி வந்தது. காகிதத்தில் சுற்றிய அந்தப் பெட்டியைக் காரிலேயே பிரித்துவிட்டோம். அதே கார்டினாவில் ஒட்டாஃபுகு என்ற கடையில் சோபா நூடுல்ஸ் சாப்பிட்டோம். நூடுல்ஸ் முடிந்ததும் அதை வேகவைத்த சுடுநீரை ஒரு கூஜாவில் கொண்டுவந்து வைத்தார்கள். மிச்சமிருக்கும் தொட்டுக்கொள்ளும் சாற்றில் ஊற்றிக் குடிக்க. வடிகஞ்சி! ஒரு சிட்டிகை உப்பு கேட்கலாமா என்று யோசித்தேன். இவை தவிர ரெடோண்டோ பீச் பக்கம் இரண்டு கடைகளுக்குப் போனோம். சுமார்தான். திங்கட்கிழமை எங்கும் போகாதீர்கள், நாங்கள் போய் மூன்று பூட்டிய கதவுகளைப் பார்த்தோம்.

கிளம்புவதற்கு முந்தைய இரவு அத்தான் தானே சுஷிச் சோறு ஆக்குகிறேன் என்று இறங்கினார். டோக்கியோ சென்ட்ரல் என்ற கடையில் அரிசி, காடி, கடல்பாசித் தாள் எல்லாம் வாங்கினோம். அரிசி சாக்ரமெண்டோ பள்ளத்தாக்கில் விளைந்தது, குட்டை ரகம். சூட்டோடு சோற்றில் காடியை ஊற்றிக் கட்டையால் வெட்டி வெட்டிக் கிளற வேண்டும், பக்கத்தில் ஒருவர் விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். விசிறி இல்லை. ஊரிலிருந்து வந்த நகைக்கடைக் காலண்டர் அட்டையால் நான் விசிறினேன். ஆளுக்கு ஒரு தாளைக் கையில் வைத்து வேண்டியதை வைத்துச் சுருட்டித் தின்றோம். அக்காவுக்கு வெள்ளரிக்காய். சோறு கால்வாசி மிஞ்சிவிட்டது. ஐஸ்பெட்டியில் வைத்தால் இறுகிவிடும் என்று அத்தான் ஈரத்துணி போட்டு மூடி மேடைமேலேயே வைத்தார்.

காலையில் எழுந்தபோது கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டது. அக்கா அந்தச் சோற்றை நல்லெண்ணெயில் கடுகு, உளுந்து, வரமிளகாய், கறிவேப்பிலை போட்டுத் தாளித்து, வேர்க்கடலை தூவி இறக்கியிருந்தாள். “புளிப்பு ஏற்கெனவே இருக்கு, எலுமிச்சம்பழம் மிச்சம்” என்றாள். அத்தான் வாசலில் நின்று அந்த வாணலியைப் பார்த்தபடியே இருந்தார். பதினைந்து வருடப் படிப்பு முகத்தில் ஒருமுறை வந்து போனது.

எனக்கு விமானத்துக்கு டப்பாவில் கட்டினாள். அவர் மெதுவாக அடுப்புப் பக்கம் போய், “எனக்கும் கொஞ்சம் எடுத்து வச்சிருக்கியா?” என்று கேட்டார்.