கரும்பு வாங்கப் போன நேரத்தில் கேனான் செத்துவிட்டான்

போன பொங்கலுக்கு மச்சான் வந்திருந்தான். மனைவியின் தம்பி, இன்ஜினியரிங் கடைசி வருஷம். வந்த கையோடு பையைக்கூட இறக்கி வைக்காமல் டிவியைப் பார்த்துவிட்டு, "மாமா, இன்னும் ஸெல்டாதான் ஓடுதா?" என்றான்.

ஆமாம், அதேதான். ஸெல்டா வீடியோ கேம் வரிசையில் பிரெத் ஆஃப் த வைல்ட் 2017 மார்ச்சில் வந்தது, அதற்கு அடுத்த பாகம் 2023 மே மாதம் வந்து அதையும் ஊரே முடித்துத் தூக்கிப் போட்டுவிட்டது, நான் மட்டும் முதல் பாகத்திலேயே 190 மணி நேரத்துக்கு மேல் குடியிருக்கிறேன். காலி பண்ணச் சொல்ல ஆளில்லை என்பதால் வண்டி ஓடுகிறது.

விளையாடாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹைரூல் என்றொரு நாடு, நடுவில் கோட்டை, கோட்டைக்குள் கேனான் என்கிற பூதம், அதை வெளியே விடாமல் நூறு வருஷமாகத் தனியாளாகப் பிடித்துவைத்திருக்கும் இளவரசி ஸெல்டா. நாம் லிங்க், நூறு வருஷம் தூங்கி எழுந்தவன். ஆரம்பத்தில் ஒரு மேட்டு நிலத்தில் நான்கு சின்னக் கோயில்களை முடித்தால் ஒரு பெரியவர் பாராகிளைடர் தருவார், அதோடு கேனானை அழி என்று வேலையையும் கையில் கொடுத்துவிடுவார்கள். அதற்கப்புறம் யாரும் தடுப்பதில்லை, நேராகக் கோட்டைக்கே போகலாம். அப்படிப் போய் அரை மணி நேரத்துக்குள் ஆட்டத்தையே முடிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். நானோ கோட்டை இருக்கும் திசைக்கே முதுகைக் காட்டிக்கொண்டு, ஆப்பிள் பறித்துக்கொண்டு, மழை வந்தால் பாறை ஓரமாக ஒதுங்கி நின்றுகொண்டு இருக்கிறேன். அந்த மழைதான் மச்சானுக்கு ஆகாது. மலையில் முக்கால்வாசி ஏறியிருப்போம், மழை பிடிக்கும், பாறை வழுக்கும், நாலு எட்டு ஏறினால் ரெண்டு எட்டு சறுக்கும். அவன் அங்கேயே கன்ட்ரோலரைத் தூக்கிப் போடுவான். எனக்கென்னவோ அது டீக்கடை ஓரமாக ஒதுங்குகிற மாதிரி. நிற்கும்போது நிற்கட்டும், எங்கே போகப் போகிறோம்.

ஒருநாள் ராத்திரி ஹைலியா பாலத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தேன். பொய் இல்லை, சும்மாதான். ஏரியிலிருந்து ஒரு டிராகன் எழுந்தது, உடம்பெல்லாம் மின்னல், பாலத்தை விட நீளமோ என்று தோன்றுகிற அளவுக்கு ஒரு உருவம், அவசரமே இல்லாமல் நெளிந்து நெளிந்து மேலே போகிறது, நம்மைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குப் புல்லரித்துவிட்டது. மச்சானுக்கு போன் போட்டுச் சொன்னேன். "அதை அடிச்சா என்ன மாமா கிடைக்கும்?" என்று கேட்டான். செதில் கிடைக்கும், அது எனக்கும் தெரியும், ஆனால் அந்த ராத்திரியில் கேட்கிற கேள்வியா அது.

அவனும் ஒரு தடவை தன் பெயரில் தனியாக ஆரம்பித்தான். மேட்டிலிருந்து குதித்து நேராகக் கோட்டைக்குப் போனான், மூன்று இதயம் (இந்த ஆட்டத்தில் உயிரை அப்படித்தான் எண்ணுவார்கள்), இடுப்பில் துணி, கையில் ஒரு பானை மூடி. கார்டியன் என்று எட்டுக்கால் பூச்சி மாதிரி இயந்திரங்கள் அங்கே காவல் இருக்கும், லேசர் அடிக்கும். அந்த லேசரைச் சரியான நொடியில் பானை மூடியால் தட்டினால் அடித்தவனுக்கே திரும்பிப் போய்விடும், ஆட்டத்தில் உண்மையாகவே அப்படி ஒரு வழி இருக்கிறது. நொடி தவறினால் சாவு. நாற்பது தடவை செத்தான், நாற்பது தடவையும் சிரித்துக்கொண்டே செத்தான். பார்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. "தம்பி, அந்தப் பையனுக்கு முதல்ல ஒரு சட்டையைப் போட்டு விடுப்பா."

அம்மா விளையாடுவதில்லை. கன்ட்ரோலரைத் தொட்டதே இல்லை. ஆனால் எல்லோரையும் விட அதிகமாக இந்த ஆட்டத்தைப் பார்த்தவர் அவர்தான். பனிமலையில் குளிருக்கு மிளகாய் போட்டுச் சமைத்ததைச் சாப்பிட்டால் தாங்கும் என்பதை, நான் கண்டுபிடிப்பதற்கு ஒரு வாரம் முன்பே அம்மா சொல்லிவிட்டார்.

சரி, பொங்கலுக்கு வருவோம். காலையில் நான் கரும்பு, மஞ்சள் கொத்து வாங்க மார்க்கெட்டுக்குப் போனேன். கூட்டம், ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. திரும்பி வந்து வாசலில் கரும்பைச் சாய்க்கும்போதே உள்ளே புதுசாக ஒரு இசை கேட்கிறது. 190 மணி நேரத்தில் நான் கேட்டிராத இசை. ஹாலுக்கு வந்தால் திரையில் பெயர்கள் மேலே ஓடிக்கொண்டிருக்கின்றன, அத்தனையும் ஜப்பான்காரர்கள் பெயர். மச்சான் காலை நீட்டி உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கிறான்.

"மாமா, முடிச்சு விட்டேன்."

"எதை?"

"கேனானை. உங்க ஃபைல்லதான். உங்க ஆளுக்குப் பதினாறு இதயம் இருக்கு மாமா, வேஸ்ட்டா வெச்சுருக்கீங்க."

எனக்கு எது முதலில் வலித்தது என்று யோசித்துப் பார்த்தால், வீடுதான். ஹடேனோ கிராமத்தில் ஒரு பழைய வீட்டை 50,000 ரூபீ (அந்த ஊர்க் காசு) என்று சொன்னவன், அப்புறம் 3,000 ரூபீயும் 30 கட்டு விறகும் கொடுத்தால் போதும் என்று இறங்கி வந்தான். (நிஜத்தில் எந்த புரோக்கரும் எனக்கு இப்படி இறங்கியதில்லை.) அந்த வீட்டுச் சுவரில் ஆயுதம் மாட்ட இடம் உண்டு. இந்த ஆட்டத்தில் வாள் உடையும், எவ்வளவு உசத்தியான வாளானாலும் நாலு சண்டைக்கு மேல் தாங்குவது சந்தேகம், அதனால் நல்லதாக எது கிடைத்தாலும் நான் பயன்படுத்தாமல் கொண்டுபோய் மாட்டிவிடுவேன். குடும்ப வழக்கம். அம்மாவின் கல்யாணச் சீர் எவர்சில்வர் பாத்திரங்கள் இன்னமும் பரணில் துணி சுற்றி இருக்கின்றன, விருந்தாளி வந்தால் எடுக்கலாம் என்று, நாற்பது வருஷமாக அந்த அளவுக்குத் தகுதியான விருந்தாளி வரவில்லை. அப்படி நான் மாட்டிவைத்திருந்த, தீப்பிடித்து எரியும் பெரிய வாளை மச்சான் கழற்றிக்கொண்டு போய் கேனான் மண்டையில் போட்டு உடைத்திருக்கிறான்.

அடுத்தது சாப்பாடு. தெற்கே ஃபாரோன் பக்கம் ஒரு மேட்டில் துரியன் பழம் கிடைக்கும், ஐந்தைச் சேர்த்துச் சட்டியில் போட்டால் உயிர் முழுசாகத் திரும்பி அதற்கு மேல் இருபது இதயம் கூடுதலாக வரும். பதினான்கு தட்டு செய்து வைத்திருந்தேன். அத்தனையும் காலி. பூதம் கையை ஓங்கியபடி நிற்கும்போது பையைத் திறந்தால் ஆட்டம் அப்படியே நின்றுவிடும், நிதானமாக ஒரு தட்டு சாப்பிட்டுவிட்டு மூடலாம், மூடினதும்தான் அடி விழும். இதைத்தான் பதினான்கு தடவை செய்திருக்கிறான். சண்டையா, பந்தியா அது? கேட்டால், "சாப்பாடு சாப்பிடத்தானே மாமா" என்கிறான். பதில் சொல்ல முடியவில்லை.

முடிவு என்ன என்று அம்மாதான் சொன்னார். "கடைசியில அந்தப் பொண்ணு வெளிய வந்து, என்னை ஞாபகம் இருக்கான்னு கேட்டா. இவன் வாயே திறக்கலை. நூறு வருஷம் காத்துக் கிடந்தவளுக்கு ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சு போகும்?"

முடித்த பின்பு ஆட்டம் நம்மைச் சண்டைக்கு முந்தைய இடத்துக்கே கொண்டுபோய் விட்டுவிடும், ஃபைல் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் மட்டும் வரும். நானும் அவ்வளவுதானே, போகட்டும் என்று மேப்பைத் திறந்தேன். ஓரத்தில் அதுவரை இல்லாத ஒரு எண் இருந்தது. 22.41%. கேனானைக் கொன்ற பிறகுதான் அதைக் காட்டுவார்களாம், நாட்டில் எவ்வளவு பார்த்திருக்கிறோம் என்கிற கணக்கு. பின்னால் நின்று துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி அதைப் பார்த்துவிட்டாள். அவளுக்கு அக்கவுண்ட்ஸ் வேலை.

"ஏங்க, நூத்தித் தொண்ணூறு மணி நேரம் உட்கார்ந்து இருபத்திரண்டா? பாஸ் மார்க்கே முப்பத்தஞ்சு."

அன்றிலிருந்து ஆட்டம் அவள் கைக்குப் போய்விட்டது. 120 கோயில், 900 கோரோக் விதை, ஒரு விதைக்கு 0.08 சதவீதம். பால் கணக்கு எழுதுகிற நோட்டின் பின்பக்கத்தில் மாவட்டவாரியாக எழுதி டிக் அடிக்கிறாள். கோரோக் என்பது இலையால் முகம் மூடிய மரக்குட்டி, கல்லுக்கு அடியில், மர உச்சியில் என்று ஒளிந்திருக்கும், கண்டுபிடித்தால் "யாஹாஹா!" என்று கத்திக்கொண்டு ஒரு விதை தரும். ஒரு இடத்தில் வரிசையாகச் சின்னச் சிலைகள், எல்லாத் தட்டிலும் ஆப்பிள், ஒன்றில் மட்டும் இல்லை, அதில் ஒரு ஆப்பிள் வைத்தால் விதை. "ஒருத்தருக்கு மட்டும் படைக்காம விட்டா சும்மா இருப்பாங்களா" என்று அம்மா அதை ஒரே பார்வையில் தீர்த்தார்.

இதெல்லாம் முன்னமே ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். 1996-ல் ரிச்சர்ட் பார்ட்டில் என்கிற பிரிட்டிஷ்காரர், எழுத்தாலேயே ஆடும் பழைய இணைய ஆட்டங்களை வைத்து, ஆடுகிறவர்களைச் சீட்டுக்கட்டு மாதிரி நாலு ஜாதியாகப் பிரித்தார். சேர்த்துக் குவிக்கிறவர் டைமன், துருவித் தோண்டுகிறவர் இஸ்பேடு, பேசிப் பழக வருகிறவர் ஆர்ட்டின், மற்ற ஆட்டக்காரர்களைப் போட்டுத் தள்ளவே வருகிறவர் கிளாவர். மச்சானைக் கிளாவர் என்றேன், பட்டம் வாங்கின மாதிரி சந்தோஷப்பட்டான். அம்மாவுக்கு எந்தச் சீட்டும் பொருந்தவில்லை. கட்டில் மிச்சம் இருப்பது ஜோக்கர்தான், அதைச் சொன்னால் ராத்திரிச் சோறு கிடைக்காது.

மச்சான் போய்விட்டான். நான் இப்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற ஆள். நேற்று பாலத்தைக் கடக்கும்போது அதே டிராகன் எழுந்தது. "கொஞ்சம் நில்லேன்" என்றேன். "மணி ஒன்பதரை, இன்னும் ஆறு விதை பாக்கி" என்று குதிரையைத் தட்டிவிட்டாள்.

விதை 412 ஆகியிருக்கிறது. விதையைக் கொடுத்துப் பையில் முழுசாக இடம் வாங்க 441 போதும், 900 எதற்கு என்று கேட்டாள். யார் எந்தப் பக்கம் அலைந்தாலும் சிலதாவது கண்ணில் படட்டும் என்று தூவி விட்டதுதான், எல்லாவற்றையும் பொறுக்கச் சொல்லி இல்லை, என்றேன். கணக்கில் மிச்சம் வைக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

"அப்போ தொள்ளாயிரமும் சேர்த்துக் கொடுத்தா என்னதான் தருவான்?"

எனக்குத் தெரியும். மச்சானுக்கும் தெரியும், போகும்போது சொல்லிவிடாதீர்கள் மாமா என்று காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொண்டு போனான். தங்க நிறத்தில், சுருள் சுருளாக, கோபுரம் மாதிரி கூம்பாக ஒன்று தருவார்கள். சந்தேகமே வேண்டாம், அதுதான். ஆட்டத்தில் அதால் ஒரு உபயோகமும் இல்லை.

"ஏதோ தங்கத்துல தருவானாம்" என்றேன்.

சோபாவில் சாய்ந்திருந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "எத்தனை பவுன்டா?"