நாற்பது சுற்றுக்கு ஒரு சுற்று

பாலக்காட்டின் கஞ்சிக்கோடு, கொழிஞ்சாம்பாறை பக்கத்துப் பட்டறைகளில் அரிசி மில்லுக்கும் கயிறு மிஷினுக்கும் பல் போன கியருக்கு மாற்று வெட்டித் தருகிறார்கள். அங்கே வெட்டும் உருப்படியை (ஜாப்) சம பாகங்களாகத் திருப்பித் தரும் டிவைடிங் ஹெட்டின் துளைப் பிளேட்டைத் துடைத்துப் பார்த்தால் 15, 16, 17, 18, 19, 20 என்று துளை வட்டங்களின் எண்கள் தெரியும். அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரத்து பிரவுன் அண்ட் ஷார்ப் கம்பெனியின் வரிசை அது. அந்தப் பெயரை நம் மில்லிங்காரர்கள் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

டேவிட் பிரவுனும் மகன் ஜோசப் பிரவுனும் 1833-ல் கடிகார வேலையாக ஆரம்பித்தது. 1853-ல் லூசியன் ஷார்ப் கூட்டுச் சேர்ந்தார். தையல் மிஷினும் செய்து கொடுத்தார்கள். பெரிய திருப்பம் 1861-ல். உள்நாட்டுப் போர் தொடங்கி, துப்பாக்கி வேலை குவிந்த நேரம். துப்பாக்கி நிப்பிளில் (வெடிமூடி பொருந்தும் சிறு குழாய்) துளை போடும் ட்விஸ்ட் டிரில்லுக்கு முறுக்குப் பள்ளத்தை வட்ட அரம் வைத்துக் கையால் ராவிக்கொண்டிருந்தார்கள். இதற்கு வழி உண்டா என்று பிராவிடன்ஸ் டூல் கம்பெனியின் ஃபிரெடரிக் ஹோவ் கேட்க, ஜோசப் பிரவுன் வடிவமைத்ததுதான் யுனிவர்சல் மில்லிங் மிஷின். முதல் மிஷின் 1862-ல் வெளியே போனது.

டேபிளைச் சாய்கோணத்துக்குத் திருப்பலாம். டேபிள் நகர நகர, லீட் ஸ்க்ரூவிலிருந்து கியர் வழியாக டிவைடிங் ஹெட்டும் சுற்றும். பள்ளம் தானாகவே முறுக்கிக்கொண்டு விழும். அங்குல மிஷினில் ஸ்க்ரூவுக்கு அங்குலத்துக்கு 4 மரை, ஹெட் ஒரு முறை சுற்ற 40 சுற்று. சம கியர் போட்டால் லீட் (பள்ளம் ஒரு முழு முறுக்கு முறுக்கும் நீளம்) 10 அங்குலம், அதாவது 254 மி.மீ. 5 மி.மீ. பிட்ச் (மரைக்கு மரை தூரம்) உள்ள மெட்ரிக் மிஷினில் அதே கியருக்கு 200 மி.மீ.தான் வரும். ஒன்றின் சார்ட்டை இன்னொன்றில் பார்த்து கியர் மாட்டினால் ஜாப் குப்பைக்குத்தான். ஹெலிகல் வெட்டும்போது ஹெட்டின் ஸ்பிண்டில் லாக்கைத் தளர்த்தியிருக்க வேண்டும். ஒரு பள்ளம் முடிந்து டேபிளைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும் முன், டேபிளைத் தாங்கும் 'நீ' (knee) பகுதியைக் கீழே இறக்குங்கள். கியர் வரிசையில் இருக்கும் பேக்லாஷால் (பல்லுக்குப் பல் உள்ள தளர்வால்) ஜாப் கொஞ்சம் பின்தங்கி, திரும்பி வரும் கட்டர் பள்ளத்தின் சுவரைக் கடித்துவிடும்.

நேர்ப்பல்லுக்கு வருவோம். ஹெட்டுக்குள் இருக்கும் வார்ம் வீலில் 40 பல், அதனால் கைப்பிடியான கிராங்க் 40 சுற்றினால் ஜாப் ஒரு சுற்று. 27 பல் கியர் என்றால் 40-ஐ 27-ஆல் வகுக்க வேண்டும்: ஒரு முழுச் சுற்று, மேலே இன்னொரு பிளேட்டில் இருக்கும் 27 துளை வட்டத்தில் 13 இடைவெளி. இங்கேதான் புதுப் பையன்கள் தடுக்கி விழுகிறார்கள். எண்ண வேண்டியது இடைவெளியை. கிராங்கின் பின் (pin) நிற்கும் துளையையும் சேர்த்தால், துளைகளை அளந்து காட்டும் செக்டார் கைகளுக்கு நடுவில் 14 துளை தெரிய வேண்டும். 13 துளை வைத்தவனுக்கு ஒவ்வொரு பல்லிலும் ஒரு இடைவெளி குறையும். கடைசிப் பல் பெருத்து நிற்கும். துளையைத் தாண்டிப் போய்விட்டால் அப்படியே பின்னால் இழுத்துப் பின்னைப் போடாதீர்கள். அரைச் சுற்று பின்வாங்கி, பழைய திசையிலேயே மறுபடி வந்தால்தான் வார்மின் தளர்வு ஒரே பக்கம் இருக்கும்.

அதே கம்பெனி 1864-ல் காப்புரிமை வாங்கிய கியர் கட்டர்தான் எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரியதாகப் படுகிறது. பல்லின் முன்முகத்தை மட்டும் தீட்டினால் எத்தனை முறை தீட்டினாலும் வடிவம் மாறாது. ஒரு நிபந்தனை: முகம் கட்டரின் மையத்தை நோக்கியே இருக்க வேண்டும். பெஞ்ச் கிரைண்டரில் கையால் பிடித்துத் தீட்டும்போது அது சாய்ந்துபோகிறது, பல்லின் உருவமும் கெடுகிறது. பூட்டி ஓட்டினால் கியர் கத்தும். பழி கட்டர் விற்றவன் மேல் போகும்.

கட்டர் நம்பரிலும் ஒரு பொறி உண்டு. பிரவுன் அண்ட் ஷார்ப் முறையில் 26 முதல் 34 பல் வரை 4-ஆம் நம்பர். மெட்ரிக் முறையின் மாட்யூல் கட்டரில் வரிசை தலைகீழ்: அங்கே அதே பல்லுக்கு 5-ஆம் நம்பர், 4 என்பது 21 முதல் 25 வரைக்கும். ஆகவே நம்பரை நம்பாமல், கட்டர் மேல் பொறித்திருக்கும் பல் எண்ணிக்கையைப் படித்து எடுங்கள். 4-ஆம் நம்பரின் வடிவம் சரியாகப் பொருந்துவது 26 பல்லுக்குத்தான். வேகமாக ஓடும் 32 பல் கியருக்கு 30 முதல் 34 வரைக்கான மூன்றரை நம்பர் கட்டர் கிடைத்தால் அதையே போடுங்கள்.